பெலோவின் கால் அளவு

தாத்ரா மலை, செப்டம்பர் 14

அன்புள்ள பொஜெனாவுக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா, மகள் ஹங்கா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று எழுது.

நீ வேலை பார்க்கும் செருப்புக் கடையிலிருந்து அனுப்பினாயே, மெல்லிய அடி வைத்த ஷூ, அதைப் போட்டு இரண்டு மாதம் சுமையில்லாமல் நடந்து பழகினேன். செவ்வாயன்றுதான் முதல்முறையாகச் சுமையோடு போட்டேன். மலைவிடுதிக்கு ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு. எங்கள் சுமைகாரர்களில் மூத்தவரான பெலோ, "என்னடா சமவெளிக்காரா, பொண்டாட்டி செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மழையில் பாதை நனைந்திருந்தது. பள்ளத்தை ஒட்டிய திருப்பத்தில் காலை ஊன்றப் போனபோது, கல் லேசாக அசைவது விரல்களுக்குத் தெரிந்தது. காலை எடுத்துக்கொண்டு, "நில்லுங்க" என்றேன். பின்னால் வந்த பெலோ கம்பால் ஒரு தட்டுத் தட்டினார். கல் பள்ளத்துக்குள் போய்விட்டது. பழைய பூட்ஸில் அது தெரிந்திருக்காது. பயப்படாதே, உள்ளங்கால் கொஞ்சம் கன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

விடுதியில் தேநீர் குடிக்கும்போது பெலோ ரொட்டி சுற்றிய தாளை விரித்து அதன்மேல் காலை வைத்தார். "சுத்தி வரைடா. உன் பொண்டாட்டிக்கு அனுப்பு. அகலத்தப் பாத்துச் சிரிக்க வேணாம்னு சொல்லு." இருபத்தாறு வருடமாகத் தடித்த பூட்ஸைத் தவிர வேறெதுவும் போடாத மனிதர். எனக்கு அன்று வந்த பெருமையில் பாதி உன்னுடையது. தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

ஹங்காவின் காலையும் உன் காலையும் ஒரே தாளில் வரைந்து அனுப்பு, நான் என்னோடு வைத்துக்கொள்ள. கீழே இறங்குகிறவர் கடிதத்துக்காகக் காத்து நிற்கிறார். பெலோவுக்கு ஷூ வாங்க அவசரமில்லை; உங்கள் தாள் மட்டும் சீக்கிரம் வரட்டும்.

உன்
மத்தூஷ்