மாஸ்டர் சொன்ன அளவு

மார்ச் 3

அன்புள்ள மாஸ்டர் மகளுக்கு,

பார்சல் வந்துவிட்டது! நேற்று டியூட்டி முடிந்து வந்தால் கதவோரம் கிடக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, படியிலேயே உட்கார்ந்து பல்லால் கடித்துப் பிரித்தேன். ஆபரேஷன் அறையில் முப்பது வருடமாக டாக்டர் கேட்குமுன் கத்தரிக்கோலை நீட்டுகிறவள் நான். என் வீட்டில் ஒரு கத்தரிக்கோல் தேட எனக்குப் பொறுமை இல்லை.

அடேயப்பா, என்ன சட்டை! வெள்ளைப் பருத்தி, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கழுத்தைச் சுற்றியும், மேலிருந்து கீழ்வரை இறங்கும் பொத்தான் வரிசைக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் நீலமுமாகப் பூத்தையல். தடவிப் பார்த்தேன், ஒரு முடிச்சு விரலில் தட்டுப்படவில்லை. எங்கள் பெரிய டாக்டர் போடும் தையலை நீ பார்க்க வேண்டுமே, சாக்கு மூட்டை தோற்றது!

நீ என்று எழுதுகிறேனே, கோபமா? பெரிய டாக்டரைத் தவிர மற்ற எல்லாரையும் நான் நீ என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பற்றி உன் அப்பா என்ன சொன்னாரோ. வயது ஐம்பத்தொன்று. சத்தமாகச் சிரிப்பேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். உன் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த அன்று, மயக்கம் தெளிந்ததும் கண்ணைத் திறந்து என் கவுனைப் பார்த்தார். "இந்தத் தோள் வெட்டு தப்பு. யாரு வெட்டினது?" என்றார். கட்டிங் மாஸ்டராம்! விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது, ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி பதிவு அலுவலகம்வரை வந்து நிற்கிறது.

நீ வருவாயா என்று அவர் வாயைத் திறந்து கேட்க மாட்டார். "அவ வரலைன்னா தள்ளி வெச்சுக்கலாம்" என்கிறார். எத்தனை நாளைக்கு என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார். அதனால் நானே கேட்கிறேன், கல்யாணத்துக்கு வருவாயா? போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு வாய் திறக்க இடம் கிடைக்காதாம், மாஸ்டர் சொல்கிறார். கடிதமென்றால் நீ நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

இன்னொன்று. இந்தச் சட்டையை எப்படிப் போடுவது? ஆஸ்பத்திரி உடை, வீட்டு உடை, இரண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பேண்டுக்கா, பாவாடைக்கா? உள்ளே செருக வேண்டுமா, வெளியே விட வேண்டுமா? விவரமாக எழுது. ஆர்வம் தாங்கவில்லை!

அன்புடன்,
சிஸ்டர் (ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது, நீயும் கூப்பிடு)


மார்ச் 12

சிஸ்டருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பார்சல் சேதமில்லாமல் வந்ததில் சந்தோஷம்.

நீங்கள் கேட்டவை. பொத்தான் வரிசை முன்பக்கம் வர வேண்டும். பேண்டுக்கும் போடலாம், நீளப் பாவாடைக்கும் போடலாம், எதுவானாலும் பூப்போடாத ஒரே நிறமாக இருக்கட்டும். உள்ளே செருகாதீர்கள், கீழ் ஓரத்தில் இருக்கும் பூ மறைந்துவிடும். மேல் பொத்தானைப் போட வேண்டாம். கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். கழுத்துக்குச் சங்கிலி எதுவும் வேண்டாம், பூத்தையலோடு சண்டை போடும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது.

அளவு சரியாக இருக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

நான் வேலை செய்யும் நாடகக் கம்பெனியில் ஏப்ரலில் புது நாடகம். நாற்பது பேருக்கு உடை தைக்க வேண்டும். லீவு கிடைப்பது சந்தேகம்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாஸ்டர் மகள்


மார்ச் 20

என் அருமை மாஸ்டர் மகளே,

உன் கடிதம் ஒரே ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா! என் மானம் கப்பலேறிவிட்டது. பொத்தான் முன்பக்கம் என்கிறாய். நான் அதைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தாகிவிட்டது!

சிரிக்காதே. முப்பது வருடம் ஆபரேஷன் கவுன் போட்ட கை இது. துணியைக் கண்டால் தானாக முன்னால் நீண்டு நுழைந்துகொள்ளும். முதுகுப் பக்கம் மூடுவது பின்னால் நிற்கிறவள் வேலை. முன்பக்கம் வைத்தும் பார்க்காமல் இல்லை. பொத்தான் எட்டவில்லை, நாலு விரல் இடைவெளி. சரி, அப்படியென்றால் இது கவுன் மாதிரிதான் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உள்ளே ஒரு வெள்ளை பனியன், மேலே உன் சட்டை. வார்டு ஆயா பின்னால் நின்று இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது மூடவே மாட்டேங்குது."

"மூடக் கூடாதுடி, அதான் ஃபேஷன். மாஸ்டர் பொண்ணு அங்கேருந்து தைச்சு அனுப்பியிருக்கா."

"அப்போ பூவெல்லாம் முதுகுலயா?"

"பின்னாடி வர்றவங்க பார்க்கட்டுமே!"

பஸ் நிறுத்தத்தில் உன் அப்பா காத்திருந்தார். கூட நடக்க ஆரம்பித்தவர் இரண்டே நிமிடத்தில் பின்தங்கிவிட்டார். ஒரு தெரு முழுக்கப் பின்னாலேயே வருகிறார். மனுஷன் அழகில் சொக்கிப்போய்விட்டார் என்று நான் ஒயிலாக வேறு நடந்தேன், போ! திரும்பிப் பார்த்தால் முகம் வெளிறிப்போயிருக்கிறது. பூங்கா பெஞ்சில் உட்கார வைத்து நாடி பிடித்துப் பார்த்தேன்.

"இது அவளோட அளவு" என்றார். "பொண்ணு போன்ல கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். இருபத்தாறு வருஷம் தைச்ச அளவு, தானா வந்துடுச்சு. என்னை மன்னிச்சுடு."

எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சிரிப்பும் வந்தது. ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்தபடி என் தோள் வெட்டைக் குறை சொன்னவர், டேப்பை எடுத்து என்னை அளக்கக் கூச்சப்பட்டிருக்கிறார் பார்!

அவரை விடு, ஆம்பளை. நீ தையல்காரி. உன் அம்மாவின் அளவு காதில் விழுந்தால் உனக்குத் தெரியாமலா இருக்கும்? இதை நான் மனதில் வைத்துக்கொண்டு உன்னோடு சிரித்துப் பேச முடியாது, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
சிஸ்டர்


மார்ச் 29

சிஸ்டருக்கு,

தெரியும்.

தோள் பதினாலு என்று அப்பா சொன்னபோதே தெரியும். அடுத்தது என்ன வரும் என்று நானே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், அதையேதான் சொன்னார். "அப்பா, இது அம்மா அளவுப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதிக்கொண்டேன்.

அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. அப்பா உங்களைப் பற்றிச் சொன்ன அன்று, "ரொம்ப நல்லது அப்பா, அவங்களுக்கு நானே ஒரு சட்டை தைச்சு அனுப்புறேன்" என்றேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்! அளவு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஐந்து வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து அம்மாவுக்குத்தான் பூப்போட்டேன். அம்மாவுக்குப் பிடித்த சிவப்பு, அம்மாவுக்குப் பிடித்த நீலம். நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும், பொத்தான் எட்டக் கூடாது, இந்த வீட்டில் இடமில்லை என்று உங்களுக்கே புரிய வேண்டும். இதை நினைத்துக்கொண்டுதான் தைத்தேன். அளவு சரியா என்று அப்பாவிபோல வேறு கேட்டேன்.

நீங்கள் முதுகில் பூவோடு கடைத்தெருவில் நடந்ததைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது. "மாஸ்டர் பொண்ணு தைச்சு அனுப்பியிருக்கா" என்று ஆயாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்களே. அதை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை.

சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் வரவில்லை. இதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? தேதியைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாஸ்டர் மகள்


ஏப்ரல் 7

அடி கள்ளி,

திருப்பி அனுப்பவா? நல்ல கதையாக இருக்கிறதே! முடியாது. முதலில் இதைப் படி.

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள் மாஸ்டர் சட்டையைக் கேட்டு வாங்கினார். அவருக்கு உறக்கமே இல்லையாம். பக்கவாட்டில் பிரித்து, வெள்ளைத் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்து அகலப்படுத்துகிறேன் என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சாப்பாட்டு மேஜையில் சட்டையை விரித்துப் பிளேடால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். நான் விளக்குப் பிடித்தேன், பழகிய வேலைதானே! நாலு இழை அறுத்ததும் கை நின்றுவிட்டது.

"இங்க பாரு" என்றார். பார்த்தேன். எனக்கென்ன தெரியும், துணி மடிந்திருக்கிறது. அவர் மடிப்பைப் பிரிக்கிறார், பிரிக்கிறார், வந்துகொண்டே இருக்கிறது! அந்தப் பக்கமும் அப்படியே.

"ஒரு அங்குலம் உள்ள விடுறது வழக்கம். பின்னாடி உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம். நான்தான் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இது பக்கத்துக்கு ரெண்டு அங்குலம். ரெண்டு அங்குலம் எவளும் விடமாட்டா, தையல் மொத்தையா வரும். அதுவும் மொத்தை தெரியாம அமுக்கிக் கைத்தையல் போட்டிருக்கா பாரு!"

டேப்பை எடுத்து என்னை நிற்கவைத்து, கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு முதல்முறையாக அளந்தார். பிரித்து விட்டால் எனக்கு அச்சாகப் பொருந்தும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் உன் கடிதம். எனக்கு இடமில்லை என்று சொல்லத் தைத்ததாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் இது என்ன? வேண்டாதவளுக்கு இப்படியா தைப்பார்கள்? கோபத்தை மட்டும் நாலு பக்கம் எழுதிவிட்டு இதை ஏன் ஒரு வரி எழுதவில்லை?

சட்டை இப்போது பாதி பிரித்தபடி என் பீரோவில் இருக்கிறது. உன் அம்மாவுக்குப் போட்ட பூ அது. நீ சரி என்று சொல்லாமல் நான் ஒரு இழையைத் தொட மாட்டேன், மாஸ்டரையும் தொடவிட மாட்டேன்.

அவர் சங்கதி ஒன்று. நீ வரவில்லை என்றதைக் கேட்டதிலிருந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இருபதாம் தேதி பதிவு அலுவலகத்துக்குப் போய் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறாராம். நான் கத்திப் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். எனக்கு அவரோடு வாழ ஆசையாக இருக்கிறது, மாஸ்டர் மகளே. இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உடனே பதில் போடு.

சிஸ்டர்


ஏப்ரல் 12, அவசரத் தபால்

அன்புள்ள சிஸ்டருக்கு,

அப்பாவை இருபதாம் தேதி எங்கும் போகவிடாதீர்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியை ஒளித்து வையுங்கள், அது இல்லாமல் அவரால் ஒரு படிவம் நிரப்ப முடியாது. நான் இருபத்தொன்றாம் தேதி காலையில் வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். நாற்பது பேர் உடையில் என் பங்கை முடித்துக் கொடுத்துவிட்டு, மேனேஜரிடம் "அப்பா கல்யாணம்" என்றேன். அவர் காதைத் தேய்த்துக்கொண்டு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் கத்திச் சொன்னேன்!

அந்தத் துணியை அப்பா கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தது என் தப்பு. ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எனக்கே அது பிடிபடவில்லை. ஒரு அங்குலம் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம். அடுத்த அங்குலம் நான் வேண்டுமென்றே விட்டது. அம்மா அளவில்தான் கோடு போட்டேன். வெட்டப்போகும்போது, யாரோ ஒரு மனுஷி இதைக் கண்ணாடி முன்னால் நின்று இழுத்து இழுத்துப் பார்க்கப் போகிறாள், அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று தோன்றிவிட்டது. கோட்டுக்கு வெளியே கத்தரியைத் தள்ளி ஓட்டினேன். தைக்கும்போது மறுபடி கோபம் வந்தது, உள்ளே மடித்து மூடிவிட்டேன். கடிதத்தில் கோபத்தைச் சொல்ல முடிந்தது, இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

பூவை அம்மாவுக்காகப் போட்டேன். அது மாறாது. சட்டை உங்களுடையது.

மீதி இழையை நானே பிரித்து நானே தைக்கிறேன், அப்பா தொட வேண்டாம். முதலில் உங்களை அளக்க வேண்டும். அவர் எடுத்த அளவை நான் நம்பத் தயாராக இல்லை. அம்மாவின் அளவு எனக்கு மனப்பாடம், உங்களுடையது மனப்பாடம் ஆகக் கொஞ்சநாள் பிடிக்கும். அளக்கும்போது மட்டும் சிரித்து ஆடாமல் நில்லுங்கள், சிஸ்டர்.

அன்புடன்,
உங்கள் மாஸ்டர் மகள்