எண்ணும்போது நின்றவன்

சென்னை, 1931

என் வீட்டுக்காரிக்கு,

சுகமாக இருக்கிறேன். மெம்பர் மாமாவை, அதாவது என்னை, வரவேற்கப் பரமத்தி வேலூரில் மேளம் சொல்லியிருப்பதாக உன் தம்பி எழுதியிருந்தான். வேண்டாமென்று சொல்.

சட்டசபையில் பேச்செல்லாம் இங்கிலீஷ். நேற்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் எழுந்தார். பெரியவர் நிற்கும்போது நாம் உட்கார்ந்திருக்கலாமா? நானும் எழுந்தேன். நின்றவர்களை எண்ணினார்கள். கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் நாமக்கல் வக்கீல் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நம்மூரு வெத்தலைக் கொடிக்காலுக்குத் தண்ணித் தீர்வையை ஏத்தச் சொல்லி நீங்களே எந்திரிச்சு நின்னுட்டீங்களே?"

"மாத்த முடியாதுங்களா?"

"எண்ணி முடிச்சாச்சுங்க."

ராஜினாமா செய்யலாமென்றால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

மழை உண்டா? மாடு கன்று போட்டதா?

ஊருக்கு வந்தால் என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நீயாவது உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்