பாலில்லாத ஆரஞ்சு கேக்

அனுப்பர்பாளையம்,
திருப்பூர்.
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பரணிக்கு,

மைதிலி எழுதுகிறேன். நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீ, சதீஷ்குமார் அண்ணா, குழந்தை தேஜஸ்ரீ மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சென்னிமலை முருகனை நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

என் கையெழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சாம்பிள் அட்டையில் அளவு எழுதியதைத் தவிர இத்தனை வருடத்தில் நான் எதை எழுதினேன்? போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று முறை வாய்ஸ் மெசேஜ் பேசினேன், மூன்று முறையும் அழித்துவிட்டேன். காகிதத்தில் அடித்தால் அடித்தது தெரியும். அதனால்தான் கடிதம். உன் அண்ணன் முருகவேல் தேஜுவுக்குத் துணி அனுப்புகிறாராம். அந்தப் பார்சலோடு இதையும் வைக்கச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.

இங்கே இந்த வருடம் மழை பரவாயில்லை. என் வீட்டுக்காரர் எட்டு மிஷின் போட்டு நடத்துகிற யூனிட்டுக்கு வேலை வந்துகொண்டிருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த நாலு பெண்கள் தைக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் நால்வரும் சேர்ந்து ஏதோ பாடுகிறார்கள். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நாம் வேலை பார்த்த பனியன் கம்பெனியைக் குடோனாக மாற்றிவிட்டார்கள். சாம்பிள் செக்‌ஷன் ஜன்னல் மட்டும் வெளியிலிருந்து தெரிகிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஜன்னலைப் பார்ப்பேன்.

டென்மார்க்கிலிருந்து பனியன் ஆர்டர் கொடுக்க வந்த அந்தப் பையர் அம்மா உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு கேக் ஒன்றை வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாளே. மேனேஜர் அதை முப்பது பேருக்கு வெட்டினார். நமக்கு வந்தது விரல் கனத் துண்டு. நான் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன். நீ அதைப் பேட்டர்ன் பேப்பரில் மடித்து நாம் தங்கியிருந்த ரூமுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி மோந்து மோந்து தின்றாய். “மைதிலி, இத நாமளே ஒருக்காச் செஞ்சு பாக்கோணும்” என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குக்கரில் மணலைக் கொட்டி, உன் டிபன் பாக்ஸில் மாவை ஊற்றி வைத்தோம். வெந்து வந்ததைக் கத்தி வெட்டவில்லை. டீயில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தின்றோம். நீ சிரித்த சிரிப்பில் வீட்டுக்கார அம்மாள் மாடியேறி வந்து, “என்னாச்சுங்க அம்மிணி?” என்று கேட்டார். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். பல்லில்லாத அவர் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு உன் கல்யாணம், என் கல்யாணம், நீ கடல் தாண்டிப் போனது எல்லாம் ஆயிற்று. நமக்குள் எதுவும் மாறவில்லை. தேஜு பேசக் கற்றதும் என்னைப் ‘பெரிம்மா’ என்று கூப்பிடப் பழக்கினாய். பிள்ளை இல்லாத என் வீட்டில் போனுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொள்ளமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தைப்பூசத்துக்கு வரப்போவதாக உன் அண்ணன் புரட்டாசியில் சொன்னார். அன்றைக்கே, தேஜுவுக்கு ஆகாத பாலும் முட்டையும் இல்லாமல் ஆரஞ்சு கேக் செய்யப் பழகுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். வீட்டிலிருந்த தட்டு, கரண்டி எதிலும் நெய்யோ வெண்ணெயோ பட்டிருக்கும் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். நீளவாக்கில் கேக் டின் ஒன்று வேண்டும் என்று நம் ஊர்ப் பாத்திரப் பட்டறைக்காரர் தண்டாயுதபாணியிடம் போனேன். அளவைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மிணி, ஊடு கட்டப் போறீங்களா? செங்கல் அச்சாட்ட இருக்குதுங்க” என்றார். இருந்தாலும் மூலை பிசகாமல் அடித்துக் கொடுத்தார்.

முதல் கேக் வேப்பங்காய்க் கசப்பு. ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது உள்ளே இருக்கும் வெள்ளையையும் சேர்த்துத் துருவிவிட்டேன். மேலாக, நிறம் மட்டும் வரும்படி துருவ வேண்டுமாம். இரண்டாவது கேக்குக்கு மாவைக் கலக்கி வைத்த நேரத்தில் அவர் நூல் கலர் கேட்டுப் போன் பண்ணினார். பேசிவிட்டு வருவதற்குள் சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும் பொங்கி அடங்கிவிட்டன. அடுப்பில் வைத்தும் எழும்பவில்லை, சப்பட்டையாகவே கிடந்தது. கலந்த கையோடு டின்னில் ஊற்றி வைக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது கேக்குக்குத் தேங்காய்ப்பால் ஊற்றலாம் என்று பொடி பாக்கெட் ஒன்று வாங்கினேன். தேங்காய்ப்பாலில் என்ன வந்துவிடப்போகிறது என்று பிரிக்கப்போனவள், உன்னை நினைத்துக்கொண்டு பின்பக்கம் படித்தேன். எறும்பு மாதிரி எழுத்து. ‘கேசினேட்’ என்று ஒரு வார்த்தை. தேடிப் பார்த்தால் அது பாலிலிருந்து எடுப்பது! பாக்கெட்டின் முன்பக்கம் தென்னைமரப் படம் மட்டும்தான் இருந்தது. பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீ இங்கே வந்திருந்தபோது கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாய். “பரீட்சைக்கா படிக்கறே?” என்று நான் கேலி பண்ணினேன். தேஜு பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கடையிலும் நீ அப்படித்தான் நின்றிருப்பாய், இல்லையா?

அப்புறம் தேங்காய்ப்பாலையே விட்டுவிட்டேன். ஆரஞ்சுச் சாறும் கடலை எண்ணெயுமே போதும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் சரியாக வந்தது. நடுவில் வெடித்து, பொன்னிறமாக, வீடு முழுக்க ஆரஞ்சு வாசனை. அவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, “அட, கேக்காட்டமே இருக்குது புள்ள” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அதில் பாதியை எடுத்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேஜு வரும்போது இந்த மாதிரி செய்து தரலாமா என்று உன்னிடம் கேட்கச் சொல்லலாம் என்று போனேன். முருகவேல் அண்ணன் தின்று பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, “ஆனா தேஜு தொடமாட்டாளுங்க. பதினோரு வயசாச்சு, இன்னும் பரணி கையால குடுத்தாத்தான் எதையும் வாயில வெக்கறா. கேட்டா, ‘நான் அன்னிக்கும் கேட்டேன் மாமா’ன்னு சொல்லுவா. சின்னப் புள்ளைல நடந்தது, அவளா ஏதோ நெனச்சுக்கறா. நாங்க சிரிச்சுட்டு உட்டுர்றதுங்க” என்றார்.

டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பரணி, ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

நீங்கள் என் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று வெள்ளியங்கிரி பேக்கரியில் எக்லெஸ் ஆரஞ்சு கேக் வாங்கினேன். நாம் டீ குடிக்கப் போகும் அதே பேக்கரி. குழந்தைக்கு என்று நான் சொன்னதும் வெள்ளியங்கிரி தானாகவே, “முட்டை இல்லீங்க. ஆனாப் பாலும் வெண்ணெயும் போட்டிருக்குதுங்க, ஒத்துக்குமான்னு பாத்துக்குங்க” என்று சொன்னார். நான் காதில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். சேவூரில் என் பிறந்த வீட்டில் நாலு எருமை. பால் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பால் ஒரு குழந்தையை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். வெளிநாடு போனவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள், ஒரு வாய் தின்று பழகினால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். உன்னை நான் நம்பவில்லை, பரணி. அவளுக்குப் பால் ஆகாது என்று நீ சொன்னது எனக்குப் புரியாமல் போகவில்லை, நம்பாமல்தான் போனேன்.

நீ உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தாய். தேஜு என் முன்னால் வந்து நின்றாள். துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயில் வைக்காமல், நீ பழக்கியபடி கேட்டாள்: “பெரிம்மா, இதுல பால் இருக்கா?” நான், “இல்ல கண்ணு, சாப்புடு” என்றேன்.

பிறகு நடந்ததை நீ அறிவாய். உதடு வீங்கியதும், மூச்சு இழுத்ததும், நீ பையிலிருந்த அலர்ஜி ஊசியைத் தொடையில் குத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைக் கேட்டாய். பேக்கரிக்காரர் பால் இல்லை என்று சொன்னதாகச் சொன்னேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். “நீ என்னடி பண்ணுவே” என்றாய். உன் அண்ணன் அந்தக் கடைக்குப் போய் நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் தேஜு எழுந்து உட்கார்ந்ததும் சதீஷ் அண்ணா அவளை அதட்டினார், கேட்காமல் எதையும் தின்னக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று. அவள், “கேட்டேன்ப்பா” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெளையாட்டுல மறந்திருப்பா, பாவம், திட்டாதீங்க” என்றேன். குழந்தைக்குப் பரிந்து பேசுகிறவள் மாதிரி சொன்னேன். தேஜு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ ஊருக்குப் போனபின் எத்தனையோ தடவை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. எடுத்தாலும் வேலை என்று வைத்துவிட்டேன். நான் ஏன் விலகினேன் என்று உன் அண்ணனிடம் கேட்டாயாம். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேஜுவின் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

முருகவேல் அண்ணன் சொன்ன மறுநாள் வெள்ளியங்கிரி கடைக்குப் போனேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் கேக் போடுவதே இல்லை. பப்ஸும் டீயும்தான். கல்லாவுக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர், “அன்னைக்குச் சொன்னனா சொல்லலையான்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. இத்தன வருசமா ரோசன பண்ணிட்டு இருக்கறனுங்க” என்றார். நீங்கள் சொன்னீர்கள், தெளிவாகச் சொன்னீர்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அவருக்கு ஐம்பது வயது. அவரே தான் சொன்னதை நம்பமுடியாமல் ஆறு வருடம் தவித்திருக்கிறார் என்றால், ஐந்து வயதுக் குழந்தை என்ன பாடுபட்டிருக்கும்? கேக்கை நன்றாகச் செய்து காட்டிவிட்டால் இதையெல்லாம் சொல்ல வேண்டியிராது என்று நான் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன் போல. டின் வாங்கியதும் தோல் துருவியதும் அதற்குத்தானா என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது உன் அண்ணனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவர் வெள்ளியங்கிரியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

தைப்பூசத்துக்கு வரும்போது என் வீட்டுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. நீ வந்தாலும் தேஜுவுக்கு என் கையால் எதையும் நீட்டமாட்டேன். தேர்க் கூட்டத்தில் தூரத்திலிருந்து அவளைப் பார்த்தாலே எனக்குப் போதும். அதுவும் வேண்டாம் என்றால் சொல், அந்த மூன்று நாள் சேவூர் போய்விடுகிறேன்.

ஒன்றே ஒன்று செய், பரணி. என்மேல் வரும் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே. படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவை. சதீஷ் அண்ணாவும் இருக்கட்டும். அவள் அன்றைக்குக் கேட்டாள், சரியாகத்தான் கேட்டாள், பெரிம்மாதான் பொய் சொன்னாள் என்று சொல். என்னைப் பற்றி இன்னும் என்ன சொல்ல வேண்டுமோ அதையும் சொல்லிக்கொள்.

முருகன் அந்தக் குழந்தைக்கு நூறு வயது கொடுக்கட்டும். யார் முன்னாலும் தயங்காமல் கேட்கிற வாயையும் கொடுக்கட்டும்.

உன் பதிலைக் கேட்க உரிமை இல்லாத,
மைதிலி