முகம் பார்த்து நடந்த வழி

மார்ச் 4, ஞாயிறு

இன்றும் இருபது பேரை மேய்த்துக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கத்து ஊர்வரை, பழங்கட்டடங்களைக் காட்டிக் கதை சொல்லும் பாரம்பரிய நடை. வழக்கம்போல் பின்னோக்கியே நடந்தேன். சக்கரவர்த்திக்குக் குடிமக்கள் முகம் தெரிய வேண்டாமா? இத்தனை வருடமாக இந்தக் கடலோரப் பாதையை என் குதிகால்தான் பார்த்திருக்கிறது; நான் பார்த்ததெல்லாம் முகங்கள்.

இடிந்த சுங்க மாளிகையில், "இங்கிருந்த அதிகாரி தும்மினா கப்பலெல்லாம் தானா நங்கூரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடும்" என்றேன். ஒரு அம்மாள் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாள் வீணில்லை.

மார்ச் 11

விழுந்தேன். குழாய் பதிக்க வெட்டிய பள்ளம். போன வாரம் அங்கே இல்லை. குதிகாலுக்கு யார் தகவல் சொல்வது? மலை சாய்ந்ததுபோல் விழுந்தேன், கடலே ஓரடி பின்வாங்கியிருக்கும். கூட்டத்திலிருந்து கைகொடுக்க வந்த ஓர் ஆசிரியரையும் சேர்த்து இழுத்துவிட்டதுதான் வம்பு. அவருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. எனக்குக் கணுக்கால்.

மார்ச் 13

அக்கா மகள் வந்தாள். நடையை நடத்தும் குழுவுக்கு அவள்தான் செயலாளர்.

"மாமா, இனிமே எல்லாரையும் போல முன்னால பாத்து நடங்க."

"அவங்க என் முதுகையா பாத்துக்கிட்டு வரணும்? முதுகு கதை சொல்லுமாடி?"

"சரி, கால் சரியாகட்டும். அதுக்குள்ள உங்க கதையெல்லாம் பதிவு பண்ணி வெச்சுடலாம். பொக்கிஷம் மாமா அது."

பொக்கிஷம்! உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

மார்ச் 20

அவள் வீட்டில், போர்வை தொங்கவிட்ட அறையில் பதிவு. கர்ஜித்தேன். எதிரே முகமே இல்லை, சுவர்தான். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, கல்நெஞ்சம். கடைசியில் அவள் நீட்டிய தாளையும் படித்தேன்: எந்த ஆண்டு கட்டியது, எந்த ஆண்டு இடிந்தது, "இப்போது திரும்பிப் பாருங்கள்" என்று ஒரு வரி. நான் யாரையும் திரும்பச் சொன்னதே கிடையாது. எனக்கல்லவா முதுகைக் காட்டுவார்கள்!

ஏப்ரல் 2

கால் சரியாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று போன் செய்தேன்.

"மாமா... எல்லாருக்கும் ஹெட்போன் குடுத்தாச்சு. உங்க குரல்தான் ஓடுது. நீங்க சிரமப்பட்டு வரணும்னு இல்ல."

தொண்டையை வாங்கிக்கொண்டு உடம்பைத் திருப்பி அனுப்பிவிட்டாள்! என் மடியை நனைத்து வளர்ந்த பிள்ளை. இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்.

நானே போய் உட்கார்ந்து என் குழியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே — யாரைச் சொல்ல?

ஏப்ரல் 3

சாப்பிடவில்லை.

பொய். கோபத்தில் இரண்டு தடவை சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். கடைசி ஆளாக, முன்னோக்கி நடந்தேன். கலங்கரை விளக்கம் தூரத்தில் விரலளவு தெரிந்து, நடக்க நடக்க வளர்கிறது. இப்படி வளரும் என்று எனக்குத் தெரியாது. அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

யாரும் பேசவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. சுங்க மாளிகையில் தும்மலை வெட்டிவிட்டிருந்தாள். ஆண்டுக்கணக்கு மட்டும் ஓடியது, செத்த குரலில். என் குரலில்.

பிறகு அந்த வரி வந்தது: "இப்போது திரும்பிப் பாருங்கள், புறப்பட்ட துறைமுகம் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். இருபது முகம், என்னைப் பார்த்து. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த அதிகாரி தும்மினாருன்னா..."

முன்னால் நின்ற பெண் ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினாள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மறைக்குது."

தள்ளிக்கொண்டேன்.