புழு இல்லாத வீடு

13.5.2009, புதன்
வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே போய்விட்டது. நான் போகவில்லை. பட்டுப்புழு நாலாவது தோல் உரித்து எழுந்திருக்கிறது. இனி ஒரு வாரம் மல்பெரி இலை போட்டு மாளாது.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு புழு இலை தின்கிற சத்தம்தான் எனக்குத் துணை. திருப்பூரிலிருந்து மகள் நதியா பேசினாள். "அங்கன மழையாம்மா?" என்றாள். "மழையுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. புழு திங்கிற சத்தம்டி." சிரித்தாள். எப்போது வருவாய் என்று நானும் கேட்கவில்லை.

20.6.2009, சனி
ஆனி பிறந்தும் சாரல் இல்லை. மல்பெரிக் கொழுந்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ. செங்கல் சூளைச் சாம்பல் என்று நினைத்தேன். தொட்டால் விரல் ஒட்டுகிறது. செடி முழுக்க எறும்பு.

4.7.2009, சனி
அடுத்த தோட்டத்துப் பொன்னுராஜ் பப்பாளியை வெட்டிச் சாய்க்கிறான். அவன் மரங்களிலும் அதே வெள்ளை. நாலு மரந்தான் மிச்சம்.

"மருந்தடிங்க மதினி."

"மருந்தடிச்ச இலைய யாருப்பா திங்கிறது, ஒன் மாமியாரா?"

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

3.8.2009, திங்கள்
பட்டு ஆபீஸ் பாண்டீஸ்வரன் சார் தோட்டத்துக்கு வந்தார். மாவுப்பூச்சியாம், வெளிநாட்டிலிருந்து வந்ததாம். "நம்ம ஊருல இதத் திங்க எதுவும் இல்லம்மா. மழையடிச்சாலாவது கழுவிக்கிட்டுப் போகும். வெயிலுக்கு மளமளன்னு பெருகுது" என்றார்.

வெயில்... வீட்டுக்காரர் இருந்தவரை புழுக் கொட்டகை ஜன்னலில் சூடு தணிக்கிற ஈரச்சாக்கு சித்திரையில்தான் தொங்கும். போன வருஷம் புரட்டாசியிலும் தொங்கவிட்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

17.9.2009, வியாழன்
இலை இல்லை. இந்தத் தடவையும் புழு எடுக்கவில்லை.

21.3.2010, ஞாயிறு
கொட்டகையில் சத்தமே இல்லை. ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் 'புழு இருக்கு, அதுக்கு வாசம் ஆகாது, யாரும் உள்ள வராதீக' என்று விரட்டுவேன். இப்போது விரட்ட ஆளில்லை.

நதியா: "செடியப் பிடுங்கிப்போட்டு நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு இங்கன வந்துரும்மா." அவள் வீடு ஒற்றை அறை. மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே நான் எங்கே உட்காருவது?

ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன். உடனே மனசு வராமல், தீபாவளி கழித்துச் செடியைப் பிடுங்க ஜேசிபி கொண்டுவரும்படி செல்வமணியிடம் சொல்லியாயிற்று.

22.9.2010, புதன்
பாண்டீஸ்வரன் சார் ஒரு சீசா தந்தார். வாயில் துணி கட்டியிருந்தது. உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஏதோ பறக்கிறது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் குளவியாம். சாயங்காலமே செடிக்கு நடுவில் திறந்துவிடச் சொன்னார்.

திறப்பேனா? ஊசி ஈயும் இப்படித்தான் புழு மேலே உட்கார்ந்து முட்டை வைக்கும். அதன் குட்டி உள்ளேயே தின்று, கூட்டை ஓட்டை போட்டு வெளியே வரும். இத்தனை வருஷம் வலை கட்டி ஈ விரட்டியவளிடம் ஈயை வளர்க்கச் சொல்கிறார்! துணியை இன்னும் இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

25.9.2010, சனி
எல்லாம் செத்துக் கிடக்கின்றன.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது பட்டுப்புழுவத் தொடாதும்மா! அடுத்து எப்ப கெடைக்குமோ, தெரியாது." பிறகு கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "புழுவே இல்லையேம்மா, எதுக்குப் பயந்தீக?" என்றார்.

காலி வீட்டை ஈயிடமிருந்து காபந்து பண்ணியிருக்கிறேன். பைத்தியக்காரி. கிடைத்த ஒன்றையும் கொன்றுவிட்டேன்.

9.10.2010, சனி
பொன்னுராஜ் பேப்பரில் பப்பாளி இலைகளைச் சுற்றி எடுத்துவந்தான். சார் அவனுக்குக் கொடுத்த குளவியை மிச்ச மரங்களில் விட்டிருந்தானாம். "இதுல இருக்க வெள்ளப்பூச்சிக்குள்ளயெல்லாம் குளவி முட்ட வச்சிருக்கு மதினி. செடியில கட்டுங்க. இதையும் அலமாரியில வச்சிராதீக."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருவரும் சேர்ந்து கட்டினோம். காப்பி போட்டுக் கொடுத்தேன். இந்த வீட்டில் இன்னொரு தம்ளர் எடுத்து எவ்வளவு நாளாயிற்று!

8.11.2010, திங்கள்
செல்வமணி ஜேசிபியோடு வந்து நின்றான். அவனைக் கூட்டிப்போய்த் தளிரைக் காட்டினேன். வெள்ளை பாதிக்குமேல் பொக்காகிக் காய்ந்து கிடந்தது. "இப்ப என்ன செய்யச் சொல்றீக?" என்றான். "வண்டியத் திருப்பு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். உடனே கவாத்து பண்ண ஆள் சொல்லிவிட்டேன்.

நதியாவிடம் வரவில்லை என்று சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்று ஃபோனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

30.12.2010, வியாழன்
பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டகையைக் கழுவி, புழு எடுத்து, இப்போது நன்றாகத் தின்கின்றன. இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. நதியா. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் கூப்பிடுகிறாள்.

"அங்கன மழையாம்மா?"

"இல்லடி."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "புது வருசத்துக்கு லீவு விட்டிருக்காக. நான் மட்டும் வரவா?"

"வா தாயி. தலையில பூ வைக்காம, பவுடர் போடாம வா. புழு இருக்கு."