பிலோமினாச் சேச்சியின் கால்

கோழிக்கோடு
8 ஜூலை 1997

அன்புள்ள பிலோமினாச் சேச்சிக்கு,

சௌதாமினி எழுதுகிறேன். ஜவுளிக்கடையில் நீங்கள் நின்ற புடவைப் பகுதியில் இப்போது நான் நிற்கிறேன். நின்று நின்று இடது காலில் நரம்புச் சுருட்டல் முற்றி, கணுக்காலில் புண்ணாகிவிட்டது. ஆபரேஷன்தான் என்கிறார் டாக்டர். "பிலோமினாச் சேச்சிக்கு இதே ஆபரேஷன்ல ஒரேயடியா சரியாயிடுச்சே, உனக்கென்ன பயம்?" என்கிறார் என் வீட்டுக்காரர் திவாகரேட்டன்.

மடிப்புக் கலையாமல் புடவை விரிக்கவும், முறைக்கிற வாடிக்கையாளரைச் சிரிக்கவைக்கவும் நீங்கள்தான் எனக்குப் பழக்கினீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். உங்கள் கால் எப்படி இருக்கிறது? செய்துகொள் என்று நீங்கள் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

உங்கள்
சௌதா


திருச்சூர்
15 ஜூலை 1997

சௌதா மோளே,

ஒரு வருஷமாக ஒரு வரியில்லை. காரியம் என்றால்தான் காலைப் பிடிப்பார்கள் என்பது சரிதான்!

உள்ளதைச் சொல்கிறேன். இந்த ஈஸ்டருக்குப் பிறகு எனக்கு மறுபடியும் நரம்பு புடைத்துவிட்டது. சண்டை போடவே எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனேன். "நீங்க உருவி எடுத்தது திரும்ப வந்து நிக்குது, பாருங்க" என்றேன். "எடுத்தது வராதும்மா. மிச்சம் இருக்கறது வீங்குது" என்றார். ரத்தம் கீழே இறங்காமலிருக்க நரம்புக்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை தளர்ந்துபோகிற உடம்புவாகு எனக்கு. கெட்ட நரம்பை எடுத்தாலும் வாகு மாறாது. வெட்டிய இடத்தில் புதிதாக முளைப்பதும் உண்டாம். நானோ வேலையை விடும்வரை அதே இடத்தில்தான் நின்றேன்.

கடைசியில் அவரே சொன்னார்: "முழங்காலுக்குப் பின்னாலயும் ஒரு நரம்பு, கதவு மூடாம ஒழுகிட்டு இருந்திருக்கு. அன்னைக்கு நான் அதைப் பாக்கல." இப்படிச் சொல்கிற மனுஷரிடம் என்னவென்று சண்டை போட? காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் புண்ணில்லாமல் தூங்கினேன், கர்த்தருக்கு நன்றி. நீயும் செய்துகொள். ஒரேயடியாகப் போய்விடும் என்று மட்டும் நம்பாதே.

பிரியமுள்ள
பிலோமினா


கோழிக்கோடு
2 அக்டோபர் 1997

என் சேச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. தைரியமாகப் போ என்று எழுதினால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். பிறகு இங்கே என் டாக்டரிடம், முழங்காலுக்குப் பின்னால் பார்த்தீர்களா என்று கேட்டேன். நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தார். அங்கேயும் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே சரிசெய்துவிட்டார்.

புண் ஆறிவிட்டது. இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நேற்று கடற்கரைவரை நடந்தேன். கடைசியாகக் காலைக் காட்டப் போனபோது, "இனி வராதுல்ல, டாக்டர்?" என்று திவாகரேட்டன் கேட்டார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "வரலாம். வந்தா பாத்துக்கலாம்." எனக்கே ஆச்சரியம், சொல்லும்போது பயமே இல்லை. நீங்கள் நல்லதை மட்டும் எழுதியிருந்தால், பின்னால் ஒருநாள் காலைப் பார்த்து உங்களைத்தான் திட்டியிருப்பேன்.

உங்களுக்கு மறுபடி ஆபரேஷன் என்றால் உடனே எழுதுங்கள், துணைக்கு நான் வருகிறேன். கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்துகொண்டுதான் பார்த்துக்கொள்வேன்.

நன்றியோடு
சௌதா