லவ் பேர்ட்ஸுக்கு விதைத்த கப்பல் கோதுமை

தூத்துக்குடி,
14-11-76, ஞாயிறு.

அன்புள்ள மகன் ஜெபசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர உன்மேல் எனக்கு அடங்காத கோபம். நேற்று உன் தந்தி வந்தது. தந்திக்காரர் கையெழுத்து வாங்கும்போதே யாருக்கு என்ன ஆச்சோ என்று அப்பா பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். கழுவினால் போதும், கவலை வேண்டாம், வெளியே சொல்லாதே. இவ்வளவுதான் நீ அனுப்பியது. வெள்ளிக்கிழமை நான் தந்தி அடித்துக் கேட்டது என்ன? மற்ற இரண்டு பை கோதுமையை யார் யாருக்குக் கொடுக்கச் சொன்னாய், பேர் அனுப்பு என்று கேட்டேன். அதற்கு இதுவா பதில்? முதலிலிருந்து எழுதுகிறேன், ஒரு வரி விடாமல் படி.

நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன லவ் பேர்ட்ஸ் நாலையும் நான் எப்படி வளர்த்தேன் என்று உனக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கடைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும் என்று ஒரு தண்டு வாங்கிப் போட்டதில்லை. மொட்டைமாடியில் பலகைப்பெட்டி ஏழு வைத்து கொத்தமல்லி, சிறுகீரை, தினை என்று நானே விதைத்தேன். நம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, மல்லி நுனி கருகிவிடும் என்று முனிசிபாலிட்டி தண்ணீரில் ஒரு குடம் கீரைக்கென்று எடுத்து வைப்பேன், அதற்காக அப்பாவிடம் வாங்காத பேச்சா? ஆத்தூரிலே வெற்றிலைக் கொடிக்கால் மண் சும்மாவே தருகிறேன் என்றார்கள், கொடிக்காலுக்கு மருந்து அடித்திருப்பார்களே என்று அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஏரல் பாலத்துக்குக் கீழே இறங்கி ஆற்று வண்டலைச் சாக்கில் அள்ளி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, “யம்மா, ஊரையே பேத்துக் கொண்டு போறியளா?” என்றான், பஸ்ஸே சிரித்தது, நான் வெட்கப்படவில்லை. பக்கத்து வீட்டு அரளிக் கிளை நம் சுவரைத் தாண்டி வந்தது என்று சண்டை போட்டு வெட்டவைத்தேன். புதிதாக ஒரு இலை வைத்தால் முதல் நாள் இரண்டே இரண்டு இலை, மறுநாள் எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதி, அதற்குப் பிறகுதான் ஒரு கொத்து. மல்லிக் கொத்தை நனைத்துக் கட்டித் தொங்கவிட்டால் அதுகள் அதற்குள்ளே புகுந்து குளிக்கிற அழகு இருக்கிறதே, நான் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து நின்றிருக்கிறேன். இப்படிப்பட்ட நான், என் கையாலேயே விஷத்தை ஊன்றினேன். ஏன்? என் மகன் சொன்னான் என்று.

போன மாதம் லீவுக்கு வந்தபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? கோதுமைப் புல் போட்டுப் பாரம்மா, உயிரை விட்டுத் தின்னும், ரேஷன் கோதுமை முளைக்காது, கப்பலில் வந்தது ஹார்பரில் கிழிந்து சிந்திக் கிடக்கிறது, அங்கே என்னோடு வேலை பார்த்த ரோச்சிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றாய். நீ பம்பாய்க்கு ரயிலேறின மறுநாளே ரோச் சைக்கிளில் ஒரு பை கொண்டுவந்தான். திறந்தால் ரோஜாப்பூ நிறம். இது என்னலே நிறம் என்றதற்கு, “சாயம்தாம்மா, கழுவிட்டுப் போடச் சொன்னான் சீலன்” என்றான். கழுவினேன். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினேன். நிறம் போய் நம் ரேஷன் கோதுமையைவிட வெள்ளையாக வந்தது. கப்பலில் வந்த சரக்கு, வெளிநாட்டான் கொடுப்பது, கெட்டதாக இருக்குமா என்று நானும் நம்பினேன், அதையும் மறைக்கவில்லை. ஆறாம் நாள் விரற்கடை உயரம் நின்றது. புல்லைவிட முளைவிட்ட மணியைத்தான் அதுகளுக்குப் பிடிக்கும் என்று வேரோடு மணியோடு பிடுங்கிக் கூண்டில் வைத்தேன். நோட்டு? நோட்டை எடுக்கவில்லை. மகன் சொன்னதற்கு நோட்டு எதற்கு என்று முதல் நாளே முழுக் கொத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மஞ்சள் குஞ்சு கம்பியில் நிற்கமுடியாமல் ஆடியது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கையில் எடுத்தால் உள்ளங்கையிலேயே வெடவெடவென்று நடுங்கி, பத்து மணிக்குள் போய்விட்டது. மறுநாள் அதன் ஜோடி. மற்ற இரண்டும் மூலையில் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, தினையை உரித்துப் போட்டால் ஒன்றிரண்டு கொத்துகின்றன. பெட்டியோடு அந்தப் புல்லைக் குழி தோண்டிப் புதைத்தேன். மிச்சக் கோதுமையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ஏரலுக்குப் போய் விதைக்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை, “ஏம்மா, இது எங்கன கெடச்சுது? தின்னுத கோதுமை இல்லம்மா இது, வெதைக்கிற கோதுமை. பூச்சி அரிக்காம இருக்க வெசத்துல பெரட்டுவான். மனுசன் தெரியாம தின்னுரக் கூடாதேன்னுதான் அந்தச் செவப்ப ஏத்துதான். நீங்க என்னடான்னா செவப்ப மட்டும் கழுவிட்டு வெசத்த வச்சிருக்கிய” என்றார். கடையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது புரிகிறதா உன் தந்தியின் இலட்சணம்? கழுவினால் போதும் என்கிறாய். கழுவினதுதானே குற்றம்!

அங்கிருந்து நேரே ரோச் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அவர்கள் வீட்டுப் பையைக் கழுவி முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தாள், மறுநாள் மாவு மில்லுக்குப் போகவேண்டியது. நான் முறத்தோடு பிடுங்கிக்கொண்டேன், அவளுக்கும் எனக்கும் தெருவிலேயே சத்தம். பிறகுதான் ரோச் உண்மையைச் சொன்னான். மூட்டையில் மண்டையோடும் எலும்பும் போட்டிருந்ததாம். நீயும் அவனும் சேர்ந்துதான் பார்த்தீர்களாம். அவன், “ஏலே, மண்டையோடுல்லா போட்டிருக்கு” என்றானாம். நீ சிரித்தாயாம். “இத்தனை வருசம் மூட்டை எண்ணுனவன் நான், நங்கூரம் மார்க் பாத்திருக்கேன், யானை மார்க் பாத்திருக்கேன், இது சரக்குக்காரன் மார்க்குலே, பயந்தாங்கொள்ளி” என்றாயாம். அடப்பாவி! கீழே இங்கிலீஷில் நாலு வரி அச்சடித்திருக்கிறதே, அதைப் படிக்கவா உனக்குக் கண் இல்லை? நாசரேத்தில் ஹாஸ்டலில் போட்டு உன்னைப் படிக்கவைத்தது எதற்கு? ஹார்பரில் மூட்டைக்கு மூட்டை ஒரு படம் இருக்கும், எனக்கும் தெரியும், அதற்காக மண்டையோட்டை ஒருவன் தன் கம்பெனிக்கு அடையாளமாக வைப்பானா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ரோச்சாவது கேட்டான். நீ கேட்கவும் இல்லை, கேட்டவனைக் கேலி செய்தாய்.

மொத்தம் நாலு பை என்கிறான். நம் வீடு ஒன்று, அவன் வீடு ஒன்று. மற்ற இரண்டையும் சீலன் சொன்னான் என்று இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஹார்பர் கேட்டில் வாங்கிப் போனார்களாம், பேர் கேட்கவில்லையாம். வாங்கிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நான் சும்மா இருக்கவில்லை. மாவு மில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் போய் சிவப்புக் கோதுமை வந்தால் அரைக்காதீர்கள் என்றேன். அவர், “செவப்பா வந்தா வெரட்டிருவேன். ஒங்கள மாதிரிக் கழுவிக் கொண்டாந்தா நான் எப்படிம்மா கண்டுபுடிக்க?” என்கிறார். இன்றைக்குக் காலை ஆராதனையில் போதகர் ஐயரிடம் எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்தேன், எங்களிடம் இருக்கிறது என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நீ வெளியே சொல்லாதே என்றாய், நான் சபை முழுக்கச் சொல்லிவிட்டேன், நம் வீட்டுப் பேரையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் வெளியே வந்து, நீ செஞ்சதுதான் சரி என்று சொன்னார். அரைப்பிடி புல் தின்ற ஒரு குருவி என் கையில் எப்படி நடுங்கிச் செத்தது என்று நான் பார்த்தவள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் தினம் ராத்திரி சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தால்?

நீ ஏன் பேரைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? சிந்தினதை வெளியே எடுத்தது தெரிந்தால் ரோச் வேலை போய்விடும், உன் பேரும் வரும், அதுதானே. இதைக் கேள். இன்று மத்தியானம் ரோச் மாதா கோயிலில் பூசை முடிந்து அதே வெள்ளை வேட்டியோடு நேரே அவனுடைய மேஸ்திரி வீட்டுக்குப் போய் நான்தான் அள்ளிக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டான். ஷெட்டில் மிச்சமிருந்த மூட்டைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களாம். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று அவனிடம் சொல்லியாயிற்று. நம் வீட்டு வாசலில் வந்து நின்று, “இனி எனக்காவப் பயப்பட வேண்டாம்னு அவனுக்கு எழுதுங்கம்மா” என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவனுக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொல்ல இனி உனக்கு இடமில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும், அதற்குள் நாளைக் காலை தந்தி ஆபீஸ் திறந்ததும் இன்னொரு தந்தி அடிக்கிறேன். எனக்குச் சமாதானம் எழுதாதே, மன்னிப்பும் இப்போது வேண்டாம், அதை நீ வந்து ரோச்சிடம் கேள். அந்த இரண்டு பேருடைய பெயர், அவர்கள் தெரு, அவ்வளவுதான் உன் தந்தியில் வரவேண்டும். வந்த நிமிஷம் நானும் அப்பாவும் போய் அந்தப் பைகளைக் கொண்டுவருவோம். அரைத்துவிட்டார்கள் என்றால் மாவைக் கொண்டுவருவோம். தின்றுவிட்டார்கள் என்றால் அவர்களைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம், என் மகன் செய்தது என்று டாக்டரிடம் நானே சொல்வேன். கர்த்தர் உன்னைக் காத்துக்கொள்ளட்டும், உனக்குப் புத்தியும் தைரியமும் தரட்டும், இதை ஆசீர்வாதமாகவே எழுதுகிறேன். தந்தி ஆபீசுக்குப் போய்விட்டு அப்புறம் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும் அம்மா,
தே. ஜீவமணி.